கஷ்டத்தைச் சொல்லலாம், கணக்கு சொல்லலாமா?



"உன்னைப் படிக்க வைக்க நாங்க எவ்ளோ கஷ்டப்படறோம் தெரியுமா?" இதைக் கேட்காம டிகிரி முடிச்சவங்க நம்மில் குறைவு. இப்படிச் சொன்னா பிள்ளைக்கு விடாமுயற்சி வருமா? இதுதான் இன்றைய கேள்வி.

நான் இன்ஜினியரிங் படிச்சப்போ ஹாஸ்டலில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் எம்-1 பேப்பரில் நிறைய பேருக்கு அரியர். வீட்டில் உடனே சொன்னவங்க பெரும்பாலும் அடுத்த தடவையே க்ளியர் பண்ணிட்டாங்க. மறைச்சவங்களுக்கு ஒண்ணு நாலாச்சு. அவங்க சோம்பேறிகள் இல்லை. வீட்டு மேல ரொம்பப் பாசம் உள்ளவங்க. அப்பா வாங்கின கடன்தான் அவங்க வாயைக் கட்டிப்போட்டது. அரியர் ஃபீஸுக்கு நண்பர்களிடம் கைமாத்து, சீனியரிடம் சந்தேகம் கேட்கக் கூச்சம். மறைக்கிறதுலயே பாதி சக்தி போயிடும், அப்புறம் எங்கே படிக்கிறது?

அமெரிக்காவில் கரோல் ட்வெக், கிளாடியா முல்லர் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். முயற்சியைப் பாராட்டினால் பிள்ளைகள் தோற்ற பிறகும் தொடர்ந்தார்கள். எதற்காக நம்மை மதிக்கிறார்களோ, அதை இழந்துட்டோம்னு தோணும்போதுதான் பொய் வருது.

அப்போ பெற்றோர் கஷ்டத்தைச் சொல்லவே கூடாதா? சொல்லணும். கஷ்டம் தெரிஞ்சு வளர்ற பிள்ளைக்குத்தான் பொறுப்பு வரும். ஆனா "நானும் விழுந்து எழுந்தவன்தான்" என்பது வழிகாட்டுதல். "இவ்ளோ செலவு பண்ணினேன், நீ என்ன பண்ணினே?" என்பது கடன் பாக்கி. பாக்கி வெச்சவன் கடன் கொடுத்தவரைப் பார்த்தா வேற தெருவுல போவான். பிள்ளையும் அதைத்தான் செய்யுது.

எக்ஸாம் அன்னிக்குத் திருநீறு பூசி அனுப்புற அதே கை, ரிசல்ட் அன்னிக்கும் தலைமேல இருக்கணும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மறைப்பது மரியாதை இல்லை. அரியர் இருந்தா இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு போன் போடுங்க. "இந்தப் பேப்பர் போச்சு, இப்படிப் படிக்கப் போறேன்"னு சொல்லுங்க. திட்டு விழலாம். ஆனா நாளையிலிருந்து படிப்பை மட்டும் சுமந்தா போதும்.

ஃபேமிலி குரூப்பில் இதைப் பகிருங்கள். பெற்றோரும் படிக்கட்டும்.