சிறிய வீட்டின் நியாயம்

சிறிய வீட்டை எப்படிப் பெரிதாகக் காட்டுவது என்று சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இந்தக் காலத்தில் பஞ்சமே இல்லை. சுவருக்கு வெளிர் நிறம் பூசுங்கள், ஜன்னலுக்கு எதிரே நிலைக்கண்ணாடி மாட்டுங்கள், மடக்கு நாற்காலி வாங்குங்கள் என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நல்ல யோசனைகள்தாம். ஆனால் அவை கண்ணுக்குச் சொல்லும் யோசனைகள். கண்ணாடிக்குள் தெரிகிற அறையில் யாரும் பாய் விரித்துப் படுக்க முடியாது. வீடு எத்தனை அடியோ அத்தனை அடிதான். அதில் ஒரு பொருளை வைத்தால், அந்த இடம் யாரோ ஒரு மனிதரிடமிருந்து போகிறது. பெரிய பங்களாவில் இது கண்ணில் படுவதில்லை; சின்ன வீட்டில் அன்றிரவே தெரிந்துவிடும். ஆகவே சிறிய வீட்டை ஒழுங்கு செய்வது வெறும் சிக்கனக் கலை அல்ல. அது ஒரு பங்கீடு. பங்கீடு என்று வந்துவிட்டால் நியாயமும் அநியாயமும் கூடவே வந்துவிடுகின்றன.

நம் முன்னோர் சின்ன வீட்டில் வாழத் தெரியாதவர்கள் அல்லர். கோரைப் பாய் இரவில் விரியும்; காலையில் சுருண்டு மூலைக்குப் போகும். தயிர்ப் பானை உறியில் தொங்கும். துணிக்கு ஒரு கொடி. விளக்குக்கு ஒரு மாடக்குழி. வருஷத்துக்கு ஒரு முறை வேண்டிய அண்டாவும் தாம்பாளமும் பரண் மேல். தரை மட்டும் மனிதர்களுக்கு. ஒரே அறை பகலில் கூடம், மதியம் சாப்பாட்டு அறை, இரவில் படுக்கை அறை. தனக்குரிய நேரம் முடிந்ததும் பொருள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த வீட்டின் சட்டம்.

பிறகு வந்த பொருள்கள் ஒதுங்கிக்கொள்ளத் தெரியாதவை. கட்டில் சுருளாது. பீரோ பரண் ஏறாது. இவற்றை நான் குற்றம் சொல்லவில்லை. 2011இல் தமிழ்நாட்டில் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனையோ பெண்களின் கையையும் இடுப்பையும் காப்பாற்றியிருக்கின்றன. ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பொருள்கள் பெருகின, வீடு பெருகவில்லை என்பதே சங்கடம். 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி. மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். அதாவது 270 சதுர அடிக்குச் சற்றே குறைவு. கூரை இல்லாதவனுக்கு இது பெரும் பேறு. ஆனால் அந்த அடிகளுக்குள்தான் ஐந்து பேரும் அவர்களுடைய பொருள்களும் அடங்க வேண்டும்.

சோற்றுக்கே கணக்குப் பார்க்கிற வீட்டில் அலங்காரம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. படத்துக்கும் பூச்சாடிக்கும் செலவிடும் காசு குழந்தையின் பாலில் கைவைத்த காசு என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஏழை வீடு எந்தக் காலத்திலும் அழகில்லாமல் இருந்ததில்லை. கூரை ஒழுகுகிற வீட்டின் வாசலிலும் காலையில் கோலம் விழுகிறது. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்துத் திண்ணையில் காவிப் பட்டை இழுப்பது செல்வர் வீட்டு வழக்கம் மட்டும் அல்ல. ‘இது நான் வாழ்கிற இடம், நான் மதிக்கப்பட வேண்டியவள்’ என்று ஒரு பெண் ஊருக்குச் சொல்லும் வார்த்தை அந்தக் கோலம். அந்த வார்த்தையைப் பேசாதே என்று சொல்லச் சிக்கனத்துக்கு உரிமை இல்லை.

இந்த அழகைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்கு மிக மலிவாகக் கொண்டு சேர்த்த சீமை எது என்று கேட்டால், சிவகாசிச் சீமையைத்தான் சொல்ல வேண்டும். 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேர் விட்டது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சுக்கூடம் வந்தது. அச்சுக்கூடத்திலிருந்து காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடக மேடைக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் அச்சேறி, மளிகைக்கடைக்காரர் கையால் இனாமாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஓவியக் கண்காட்சியின் படியை மிதித்தே அறியாத குடும்பத்துக்கும் ஓர் ஓவியன் கிடைத்தான். இது சாதாரணக் காரியம் அல்ல.

ஆனால் இனாமுக்கும் ஒரு விலை உண்டு. தை பிறந்தால் ஒரு வீட்டுக்கு ஐந்தாறு காலண்டர்கள் வருகின்றன. சாமி படத்தைக் கிழிக்க மனம் வராது. குப்பையில் போடக் கை வராது. ஆணி மேல் ஆணி அடித்து, பழைய வருஷத்தின் மேல் புது வருஷம் தொங்குகிறது. அட்டைப் பெட்டி, கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் டப்பா, துணிக்கடைப் பை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை நாம் யோசித்து வாங்குகிறோம். இனாமாக வந்த பொருளோ நம்மை யோசிக்க விடாமல் குடியேறிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 சதுர அடி வீட்டுக்கு மாத வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடிக்கு 20 ரூபாய். பீரோ நிற்பதற்கு 6 சதுர அடி. கதவைத் திறக்க இன்னொரு 6. ஆக, அந்த பீரோ மாதம் 240 ரூபாய்க்குக் குடியிருக்கிறது. வருஷத்துக்கு 2,880. உள்ளே இருப்பது வருஷத்துக்கு இரண்டு முறை கட்டுகிற நாலு பட்டுப்புடைவை என்றால், வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கிறவர் யார், அனுபவிக்கிறவர் யார்?

வீட்டில் எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம் என்பதற்கு வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேயக் கலைஞர் 1880இல் பர்மிங்காமில் பேசியபோது ஒரு விதி சொன்னார். ஒரு பொருள் பயன் தர வேண்டும். அல்லது அழகாக இருப்பதாக நாம் நம்ப வேண்டும். இரண்டும் இல்லாததற்கு வீட்டில் இடம் இல்லை. நல்ல விதிதான். ஆனால் சின்ன வீட்டுக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். குடும்பம் கற்பனை, ஊர் மெய்.

சிவகாசிக்கு அடுத்த நாரணாபுரத்தில், பட்டாசும் அச்சும் சோறு போடுகிற வட்டாரத்தில், இரண்டு அறை வீடு. அப்பா ஆப்செட் அச்சகத்தில் வேலை. அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறாள். பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள், அவளுக்கு இளைய மகன், அப்பாவைப் பெற்ற ஆச்சி. வீட்டின் நல்ல சுவர் டெலிவிஷனுக்கு. அதற்கு எதிரே காற்று வருகிற இடம் கட்டிலுக்கு. பீரோ அடுத்த அறையில் பாதி. ஆச்சியின் பழைய டிரங்குப் பெட்டி அடுப்படி ஓரத்தில். மகள் வாசற்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று எல்லாரும் கூடினால் முதலில் எது வெளியே போகும்? சந்தேகம் வேண்டாம், டிரங்குப் பெட்டிதான். துருப் பிடித்தது, அழகில்லை. உள்ளே இரண்டு நூல் சேலையும், தாத்தாவின் வேட்டியும், ஒரு சுருக்குப் பையும், பயனும் இல்லை. மாரிஸின் இரண்டு பரீட்சையிலும் அது தேறாது. டெலிவிஷன் தேறிவிடும். பீரோவும் தேறிவிடும்.

ஆனால் அந்த வீட்டில் ஆச்சிக்கு என்று இருக்கிற இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைத் தூக்கினால் பெட்டி மட்டும் போகவில்லை. அந்த வீட்டில் அவளுக்கிருந்த பங்கே போய்விடுகிறது. ஆகையால் பயன், அழகு என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்தப் பொருள் யாருடைய இடத்தில் நிற்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டால் தீர்ப்பு மாறிவிடும். டிரங்குப் பெட்டி இருக்கும். பீரோ நகரும். வாசற்படியில் இருக்கிற பெண் உள்ளே வருவாள்.

இந்த நியாயத்தை அந்த அம்மாவுக்கு யாரும் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அவள் வேலை செய்கிற பட்டாசு அறைக்குச் சட்டம் உண்டு. மருந்து வேலை நடக்கிற அறையில் ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சரக்குக்கு அளவு உண்டு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஓடுகிற வழியில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது. முதலில் மனிதன் தப்பும் வழி, பிறகுதான் சரக்கு. இந்த வரிசை தலைகீழாகும்போது என்ன நடக்கும் என்பதை அந்தச் சீமை அறியும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்தடுத்து வந்த வருஷங்களிலும் அந்த வட்டாரத்தில் சாவு நிற்கவில்லை. விசாரணைகளில் அடிக்கடி வெளிவருகிற காரணங்களில் இரண்டு, அனுமதிக்கு மேல் ஆள், அனுமதிக்கு மேல் சரக்கு என்பவை.

வீடு பட்டாசு அறை அல்ல என்பது மெய்தான். அங்கே ஒழுங்கு அச்சத்தால் வருவது. இங்கே அன்பால் வர வேண்டியது. வீட்டில் பயனற்ற பொருளுக்கும் சற்று இடம் வேண்டும். மகன் பொறுக்கி வைத்திருக்கிற தீப்பெட்டி லேபிள்களை அம்மா குப்பை என்று வீசினால், அறை சுத்தமாகும். பையனின் உலகம் காலியாகிவிடும். சேவாகிராமத்தில் காந்தியடிகளின் குடிசையைக் காட்டி, இப்படி இருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் வேண்டாம் என்று தாமே விட்டார். விடுவதற்கு ஒன்றும் இல்லாதவர்களிடம் துறவைப் போதிப்பது எளிது, நியாயம் அல்ல.

அப்படியானால் குறைந்த செலவில் என்ன செய்யலாம்? வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பலகை அடியுங்கள். ஆளுக்கு ஓர் அடி அகலம் போதும். மரச்சட்டமும் இரண்டு இரும்புத் தாங்கியும் ஒரு நாள் கூலிக்குள் முடிகிற காரியம். புதிதாகக் கட்டுகிறவர்களானால் செலவு இன்னும் குறைவு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) செங்கல் சுவரிலேயே அலமாரிக் குழியும் உட்காரும் மேடையும் அமைத்தார். நம் பழைய மாடக்குழியின் உறவுதான் அது. அந்த ஓரடிப் பலகையை மற்றவர் தொடக் கூடாது. கேட்காமல் ஒதுக்கக் கூடாது. ஆச்சிக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, எல்லார் பொருளையும் எடுத்து வைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு கொக்கிகூட இல்லாத அம்மாவுக்கும் ஒன்று. பிறகு மகள் படிக்க ஒரு மூலை. மனிதர்களுக்கு இப்படிப் பிரித்தது போக மிஞ்சுவது பொருள்களுக்கு. காலண்டரில் ஒன்றே ஒன்று, மனத்துக்குப் பிடித்த படமாக நல்ல சுவரில் மாட்டுங்கள். அது தனியாக இருக்கும்போதுதான் வரைந்தவனின் கை தெரியும்.

இவ்வளவு செய்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 270 அடியை எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டாலும் அது ஐந்து பேருக்குப் போதாது. ‘என்ன அழகாக வைத்திருக்கிறார்கள் பார், சின்ன வீட்டை!’ என்று புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். அந்தப் புகழ்ச்சி, வீடு ஏன் இவ்வளவு சின்னது என்ற கேள்வியை மூடி மறைக்கக் கூடாது. அந்தக் கேள்வி ஊருக்கும் அரசுக்கும் உரியது. வீட்டுக்குள் நாம் கேட்க வேண்டியது வேறு. அடுத்த முறை புதிதாக ஒரு பொருள் வாசலுக்கு வந்து நிற்கும்போது, அதன் விலையைக் கேட்பதற்கு முன்னால், இதற்காக யார் எழுந்து இடம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதில் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால், அந்தப் பொருளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம்.