துளையும் மூடியும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் புல்லுக்குக்கூட நிலம் இடம் கொடுப்பதில்லை. மழை அரித்த களிமண் மேடுகள், அவற்றின் குறுக்கே வெள்ளைக் கீற்றுகளாக ஜிப்சம். குனிந்து தேடினால் விரல் நீளத்தில், கூர்முனையோடு பெலம்னைட் புதைபடிவங்கள் கிடைக்கும். கணவாய்க்கு உறவான, அழிந்துபோன ஓர் உயிரின் உள்ளோடு அது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலடி.

இந்தப் பகுதியின் அடுக்குகளை முதலில் முறையாக வகுத்தவர்களில் ஒருவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று 1860களில் பெயர் பெற்ற மூன்று தொகுதிகளும் இன்றுவரை அதே பெயரில்தான் வழங்குகின்றன. அவர் தேடியது எண்ணெயை அல்ல. பாறையின் வரிசையைத் தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான்.

காரையில் காலில் மிதிபடும் பாறையின் வயதையே உடைய அடுக்கு, கிழக்கே போகப் போக இறங்கி, நாகப்பட்டினத்து வயல்களுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்துக்குப் போய்விடுகிறது. கீழே எட்டாததை இங்கே தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் எண்ணெய் தேடுகிறவர்களும் இந்த வெயிலுக்கு வருகிறார்கள்.

*

காவிரிப் படுகை என்று நிலவியலாளர்கள் சொல்வது ஆற்றைவிட மிக மூத்தது. இந்திய நிலம் அண்டார்க்டிகாவை விட்டு விலகத் தொடங்கியபோது வடகிழக்கு–தென்மேற்காக விரிசல்கள் விழுந்தன. சில பாளங்கள் இறங்கின, சில நின்றன. இறங்கியவை அரியலூர்–புதுச்சேரி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் தாழ்வுகள். நின்றவை அவற்றுக்கு இடைப்பட்ட முகடுகள். தாழ்வுகளில் வண்டலும் மணலும் கடற்சேறும் மாறி மாறி நிரம்பின. புதுச்சேரியிலிருந்து இராமநாதபுரம் வரை, பாக் நீரிணைக்கு அடியிலும் இந்தப் படுகை விரிகிறது. அதன் தெற்குத் தொடர்ச்சியான மன்னார் படுகையில், இலங்கைக் கடற்பரப்பில், 2011இல் எரிவாயு கண்டறியப்பட்டது.

டெல்டா என்று நாம் கொண்டாடும் வண்டல், இந்தக் கணக்கில் மேலே கிடக்கும் மெல்லிய கடைசி அடுக்கு.

*

ஆழத்தில் ஒரு பாறை எவ்வளவு சூடு கண்டது என்பதற்குச் சாட்சி மகரந்தம். கடலடிச் சேற்றில் விழுந்த மகரந்தத் துகளும் வித்துகளும் வெளிர் மஞ்சளாக இருக்கும். சூடு ஏற ஏற ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. நுண்ணோக்கியின் கீழ் அந்த நிறத்தைப் பார்த்து, இந்தப் பாறை எண்ணெய் தரும் பதத்துக்கு வந்ததா, வராமலே போனதா, கடந்துவிட்டதா என்று சொல்கிறார்கள்.

பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 பாகை செல்சியஸ் சூடு கூடும். பாசியும் நுண்ணுயிரும் மடிந்து கலந்த களிப்பாறை ஏறத்தாழ 60 முதல் 120 பாகைக்குள் பல பத்து இலட்சம் ஆண்டுகள் இருந்தால் எண்ணெய் கசியும். அதற்கு மேல் வாயு. பதம் தவறினால் ஒன்றுமில்லை.

*

எண்ணெய் நிலத்தடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை. வறண்ட ஆற்றில் ஊற்று தோண்டும்போது தண்ணீர் இருக்கிறதே, அப்படி மணலுக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே விட்டால் ஏறும். உருவான எண்ணெயில் பெரும்பகுதி இப்படி ஏறி, கசிந்து, காற்றிலும் கடலிலும் போயே போய்விட்டது.

மிஞ்சியது எங்கோ ஒரு களிப்பாறை மேலே கூரையாகப் படுத்திருந்ததால் மிஞ்சியது. அதை மூடுபாறை என்கிறார்கள். அதன் நுண்துளைகள் அவ்வளவு சிறியவை; அவற்றில் ஏற்கெனவே இருக்கும் நீரைத் தள்ளிவிட்டு நுழைய எண்ணெய்க்கு வலு போதாது. 1980களில் நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தபோது செய்தியானது எண்ணெய். அதைக் காத்து வைத்திருந்த பாறை செய்தியாகவில்லை.

*

இப்போது எண்ணெய்க்காக எடுத்த அதே நில அதிர்வுப் படங்கள், அதே துளைப் பதிவுகள் வேறொரு கேள்விக்காகத் திறக்கப்படுகின்றன. முன்பு ‘எங்கே சேர்ந்தது?’ இப்போது ‘வைத்தால் இருக்குமா?’

கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே செலுத்தினால், அங்குள்ள அழுத்தத்திலும் சூட்டிலும் அது திரவத்துக்கு நெருங்கிய அடர்த்தியை அடையும். சிறிய இடத்தில் நிறைய அடங்கும். ஆனாலும் உப்புநீரைவிட இலேசுதான். எண்ணெயைப் போல அதுவும் ஏறப் பார்க்கும். ஒரு பங்கு மணல் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும், ஒரு பங்கு மெல்ல நீரில் கரையும், மிகச் சிறிய பங்கு நெடுங்காலத்தில் கனிமமாகும். அதுவரை பொறுப்பு மூடுபாறையுடையது.

நார்வே 1991இல் கடலில் வெளியிடப்படும் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. ஸ்லைப்னர் வயலின் இயற்கை எரிவாயுவில் அது அதிகம் கலந்திருந்தது. பிரித்தெடுத்ததைக் காற்றில் விடாமல், கடலடிக்குக் கீழே உட்சிரா என்னும் மணற்கல் அடுக்கில் 1996 முதல் செலுத்தத் தொடங்கினார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டன். 1999இல் எடுத்த நில அதிர்வுப் படத்தில், மணற்கல்லுக்குள்ளேயே இருந்த மெல்லிய களி அடுக்குகளைத் தாண்டி வாயு அதற்குள் உச்சிவரை போயிருந்தது தெரிந்தது. ஒன்பது தட்டுகளாகப் பரவியிருந்தது. சின்னத் தடுப்புகள் விட்டுக்கொடுத்தன. மேலிருந்த தடித்த மூடுபாறை நின்றது.

எல்லா இடமும் அப்படி அமையவில்லை. அதே நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008இல் தொடங்கியபோது அழுத்தம் நினைத்ததைவிட விரைவாக ஏற, 2011இல் வேறு அடுக்குக்கு மாறினார்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவில் தரை மில்லிமீட்டர் கணக்கில் மேலெழுவதைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. மூடுபாறை தாங்குமா என்ற கவலையில் 2011இல் நிறுத்தினார்கள்.

*

வெகுநாளாக மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று. மூடுபாறைக்கு இதைவிட நல்ல சான்று எது? பல பத்து இலட்சம் ஆண்டுகள் எண்ணெயை விடாமல் பிடித்து வைத்திருந்த வயல்தான். தீர்ந்துபோன வயலில் வாயுவை வைக்கலாம் என்ற யோசனையின் பலம் அது. ஆனால் அங்கே எண்ணெய் இருந்ததென்று நமக்குத் தெரிவதே அந்தப் பாறையைத் துளைத்ததால்தான். எடுப்பதற்கு இன்னும் பல துளைகள். சான்றும் காயமும் ஒரே இடத்தில்.

கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் பழைய எண்ணெய் வயல். பின்னாளில் எரிவாயுச் சேமிப்புக் கிடங்கானது. 2015 அக்டோபரில், 1950களில் தோண்டிய ஒரு கிணற்றின் உறைக்குழாய் அரித்து உடைந்தது. அடைக்க 2016 பிப்ரவரி ஆயிற்று. அதற்குள் ஏறக்குறைய ஒரு இலட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. பாறை பிழை செய்யவில்லை.

துளைக்காத ஆழ்ந்த உப்புநீர் அடுக்குகளை நாடலாம் என்பார்கள். அங்கே காயம் குறைவு, அதனாலேயே அறிவும் குறைவு. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கும் ஒரு கிணறு வேண்டும். தொடாமல் அறிய நில அதிர்வு அலைகள் உதவும், ஓர் எல்லை வரை. ஸ்லைப்னரின் மெல்லிய களி அடுக்குகள் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருந்தன.

*

காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை விதித்தது. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எழுந்த எதிர்ப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. புதிய துளையைச் சட்டம் தடுக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போட்ட பழைய துளைகள் கீழேதான் இருக்கின்றன, சிமென்ட்டும் எஃகும் மூடிகளாக.

அங்கே கரியமில வாயுவை வைத்தால், நீரோடு சேர்ந்து அது அமிலமாகும். எஃகை அரிக்கும், சிமென்ட்டையும் மாற்றும். சேமிப்பிடத்தை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும், பிறகு அது அரசுக்குப் போகலாம் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதி. மனிதச் சட்டத்துக்கு 20 ஆண்டு நீளம்தான்.

ஆகவே நான் கேட்க விரும்புவது பாறையைப் பற்றி அல்ல. ஒவ்வொரு கிணறும் எங்கே, எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு, எத்தனை மீட்டர் சிமென்ட் என்ற பதிவேடு யாரிடம் இருக்கும்? நிறுவனம் கைமாறினால், கலைந்தால், அலுவலகம் இடம் மாறினால் அது எங்கே போகும்? களிப்பாறை கவனிப்பாரின்றித் தன் வேலையைச் செய்தது. நாம் போட்ட மூடிக்கு அந்தத் தகுதி கிடையாது. அதை நினைவில் வைத்திருக்க எப்போதும் ஆள் வேண்டும். படுகையைப் படிக்கிறவர்களின் வேலையில் பாதி இனி அந்தக் கோப்புகளைக் காப்பதுதான்.