தெரிந்த விடைக்கு ஒரு கேள்வி

பழைய சினிமா ரசிகர்கள் இருவர் சந்தித்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி பிறந்துவிடும். ‘1954-இல் பாட்டே இல்லாமல் வந்த படம்?’ என்று ஒருவர் தொடங்க, ‘அந்த நாள்’ என்று மற்றவர் முடிப்பார். ‘சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம்?’ என்றால், ‘ஹரிதாஸ்’ என்ற பதில் முந்திக்கொண்டு வந்து நிற்கும்.

இருவருக்கும் விடை தெரியும். தெரிந்ததைக் கேட்பதில்தான் சுகம்.

படத்தின் பெயர் ஒருபோதும் தனியாக நினைவுக்கு வருவதில்லை. டூரிங் டாக்கீஸின் மணல் தரையும், இடைவேளை முறுக்கும், கைபிடித்து அழைத்துப் போன அப்பாவும் கூடவே வருகிறார்கள். தொலைக்காட்சியில் ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்காகத் திறந்தே கிடந்த பக்கத்து வீட்டுக் கதவும் வருகிறது.

இந்த ஆட்டத்தில் வென்றவருக்குப் பரிசில்லை, தோற்றவருக்கு இழப்பில்லை. இன்று இவர் மறந்ததை அவர் எடுத்துக் கொடுப்பார். நாளை அவர் மறந்ததை இவர்.

கைப்பேசி நொடியில் விடை சொல்லிவிடும். ஆனால் நாக்கு நுனியில் நிற்கும் பெயரை நெற்றியைத் தேய்த்துத் தேடும் அந்த அரை நிமிடத்தில்தான் மனிதர் தம் இளமைக்குப் போய் வருகிறார்.

பூட்டி வைத்த நினைவு மங்கும். புழங்கும் நினைவு துலங்கும்.

இன்று உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு பழைய படத்தைப் பற்றிக் கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.