மிச்சமா, தானமா?



மார்கழிப் பனியில் மாடிக்குப் போனால் மைனாவும் கிளியும் காத்திருக்கும். கிருத்திகைக்கு மிஞ்சின வடை, மிக்சரைப் போட்டுட்டு புண்ணியம்னு நினைச்சேன். அந்த உப்பும் எண்ணெயும் சின்ன உடம்புக்கு ஆகாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

நம்ம புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார், வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியையே குருவிகளுக்கு இறைத்தாராம். (செல்லம்மா பாடு!) நானோ யாரும் சாப்பிடாததைப் போட்டுட்டு முருகன்கிட்ட புண்ணியக் கணக்குக் கேட்டிருக்கேன். அது தானமா, குப்பை கொட்டுறதா?

இப்போ முருகனுக்குப் படைக்கிற தினையிலேயே ஒரு பிடி. தண்ணீர்ச் சட்டியை தினமும் தேய்ச்சுக் கழுவறேன். எச்சம் கலந்தா ஒண்ணோட நோய் எல்லாத்துக்கும் பரவும்.

தங்கச்சி சிரிக்கிறா: "வள்ளி ஆலோலம் பாடி விரட்டின கிளிக்கா நீ தினை வைக்கிறே?"

பதில் யோசிக்கறதுக்குள்ள தினை காலி.