நிறம் காணாத அன்பு நிறைவானதா?

"எங்கள் பிள்ளையின் நிறத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை." வேற்றினக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோர் பலர் உவகையோடு கூறும் சொல் இது. கேட்கும் நம் உள்ளமும் நெகிழ்கிறது. ஆயினும், நிறத்தைக் காணாதிருப்பதுதான் அன்பின் நிறைவா எனச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டில் இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. 1972-இல் கறுப்பினச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கம், கறுப்பினக் குழந்தைகளை வெள்ளையருக்குத் தத்துக்கொடுப்பதை வன்மையாக எதிர்த்தது. இனவெறியை அனுபவித்தறியாத பெற்றோர், அதனை எதிர்கொள்ளப் பிள்ளையை எவ்வாறு ஆயத்தப்படுத்துவர் என அது கவலையுற்றது. மறுபுறம், இனப் பொருத்தம் தேடும் வரை குழந்தைகள் இல்லமின்றிக் காத்திருப்பதும் நேர்ந்தது. ஆகவே 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் திருத்தப்பட்ட சட்டம், நடுவண் அரசின் நிதி பெறும் அமைப்புகள் இனத்தைக் காரணம் காட்டித் தத்தளிப்பை மறுப்பதையும் தாமதிப்பதையும் தடைசெய்தது.

சட்டம் குழந்தையை வீட்டினுள் சேர்த்தது. அதன்பின் ஆக வேண்டியது பெற்றோரின் கையில் உள்ளது.

வெள்ளைத் தாயின் கைப்பற்றி நடக்கும் கறுப்பினச் சிறுவனை ஊரார் கனிவோடு நோக்குகின்றனர். அவனே பதினேழு வயதில் தனியே கடைக்குள் நுழைந்தால், கடைக்காரரின் ஐயப்பார்வை பின்தொடர்கிறது. வழியில் காவலர் நிறுத்தி விசாரிக்கிறார். அன்று அவன் யாரிடம் முறையிடுவான்? தன் நிறத்தையே காணாதவர்களிடம் தன் காயத்தை எப்படிக் காட்டுவான்? அவமானத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது.

பிஞ்சு உள்ளத்தில் இக்கசப்பை ஏன் ஊட்டவேண்டும் எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆனால் அவர்கள் சொல்லாவிடில் தெரு சொல்லிவிடும்; அதுவும் அன்பின்றிச் சொல்லும்.

ஆள் பாராமை நீதிபதிக்குரிய அறம். பெற்றோருக்குரியதோ உற்று நோக்கும் அறம். பிள்ளையின் சுருள்முடியைப் பேணும் முறையை அவ்வினத்தாரிடமே பணிவோடு கேட்டுக் கற்பதும், அவனைப் போன்றோர் பயிலும் பள்ளியைத் தேடிச் சேர்ப்பதும், சொந்த உறவினர் உதிர்க்கும் இழிசொல்லை அவன் முன்னிலையிலேயே கண்டிப்பதும் அவ்வறத்தின் செயல்வடிவங்கள் அன்றோ?

பார்வோனின் மகளை நினைவுகூர்வோம். நாணற்பேழையைத் திறந்தவள், உள்ளே அழுவது எபிரேயக் குழந்தை என்று அறிந்தாள். அறிந்தே இரங்கினாள், பாலூட்டி வளர்க்க எபிரேயப் பெண் ஒருத்தியிடமே ஒப்படைத்தாள், பின்னர்த் தன் மகனாக ஏற்றுக்கொண்டாள். அவன் யார் என்பதைக் கண்டதனால் அவள் அன்பு குறைந்துவிடவில்லை.