வெட்டியபின் வரும் மழை

மரம் வெட்டுவது பாவம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். நீலகிரியின் மேல்மலையில் அந்த வார்த்தையை இன்னொரு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே இயல்பாக முகடெல்லாம் புல். ஓடை இறங்கும் மடிப்புகளில்தான் சோலைக்காடு. 19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்தப் புல் தரிசாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியச் சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. தோல் பதனிடச் சீகைப்பட்டை வேண்டியிருந்தது, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. வருவாயைவிடச் சூழல் முக்கியம் என்று தேசிய வனக்கொள்கை சொன்னது 1988இல்தான். அதற்குள் வரையாடு மேய்ந்த புல்வெளியில் பெரும்பகுதி மரத்தடியில் மறைந்துவிட்டது. அங்குள்ள தோடர் பழங்குடியினர் கோயிலுக்குக் கூரை வேயும் புல் சதுப்போரங்களில் விளைவது. அதற்கும் இடம் சுருங்கிவிட்டது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்ற எண்ணம் இப்போது மெல்ல மாறுகிறது. அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால், வெட்டலாம் என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுமா?

சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நிழல் விலகி, வெயில் பட்டு, ஒரு மழையும் பெய்தால் போதும், கீரைப்பாத்தி போலக் கன்றுகள் நெருக்கியடித்து முளைக்கும். மரத்தை வெட்டி விற்றுவிட்டு இறங்கிப் போனால் பழைய சீகைக்காடே திரும்ப வரும், முன்னைவிட அடர்த்தியாக. சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்கியிருக்கின்றன. கண்மூடித்தனமாக வெட்டினால் அவையும் சாகும். சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கும் வீடுகளுக்கோ சீகை மரம்தான் விறகு. நடச் சொன்னவர் யாரும் அந்த வீடுகளைக் கேட்டு நடவில்லை. வெட்டும்போதாவது கேட்க வேண்டாமா?

நட்டது அரசு. ஆகவே, பிடுங்கும் பொறுப்பும் அரசினுடையதுதான். வெட்டும் உரிமை, வருடா வருடம் குனிந்து கன்று பிடுங்கச் சம்மதிப்பவருக்கே உண்டு என்பேன். மரத்தின் விலையை மட்டும் கணக்கிடும் ஏலம் எதுவானாலும் அது பழைய கொள்ளையின் தொடர்ச்சிதான். பத்தாவது வருட மழைக்குப் பிறகும் அந்தச் சரிவில் கன்று பிடுங்க ஆள் நிற்க வேண்டும். அந்தக் கூலியை முதல் மரம் சாயுமுன்பே ஒதுக்கி வைக்க வேண்டும்.