கணமும் மாதிரியும்

மனம் நீடித்து நிற்கும் ஒரு பொருளா, அல்லது கணந்தோறும் தோன்றி அழியும் சித்தங்களின் வரிசையா என்ற வினாவின் இரு தரப்புகளும், பௌத்தரின் தலதா மாளிகையும் சைவரின் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலும் நடைதூரத்தில் அமைந்த கண்டியில், அருகருகே வாழ்கின்றன. உடவத்தக்கலே வனத்தின் குடிலில் 1952 முதல் தங்கியிருந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் மனத்தைப் பகுத்தாராயும் பௌத்த நூல்தொகுதியான அபிதம்மத்தை ஆராய்ந்தார். அவர் பிறரோடு சேர்ந்து 1958இல் நிறுவிய பௌத்த வெளியீட்டுச் சங்கமும் இந்நகரிலேயே இயங்குகிறது. தேரவாத உரைமரபின்படி, சடப்பொருளின் ஒரு கணத்துக்குள் 17 சித்த கணங்கள் எழுந்து மறைகின்றன. எல்லாம் கணத்தில் அழியும் என்னும் இத்தகைய கொள்கையைக் கணபங்கம் என்பர். சௌத்திராந்திகர் கூறிய அதன் வடிவத்தை அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பரபக்கத்தில் எடுத்துக்கூறி மறுக்கிறது.

இவ்வழக்கில் மூளையின் மின்னலைப் பதிவையும் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிந்து 1929இல் வெளியிட்ட அலை அறுபடாத ஒரு கோடு. இன்றைய கருவி சேமிப்பதோ எண்களின் வரிசை. தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்கள் பிடிக்கும் சில பத்து மைக்ரோவோல்ட் அழுத்தத்தைப் பெருக்கி என்னும் உறுப்பு உயர்த்த, இலக்கமாக்கி என்னும் உறுப்பு அதைச் செக்கனுக்கு 256 முறை, அதாவது ஏறத்தாழ 4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அளந்து எண்ணாக எழுதுகிறது. இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். 16 பிட் கருவி 6.5 மில்லிவோல்ட் அகலத்தை 65,536 படிகளாக வகுத்தால், ஒரு படி ஏறத்தாழ 0.1 மைக்ரோவோல்ட் ஆகும். அதனினும் நுண்ணிய ஏற்றஇறக்கம் அருகிலுள்ள படியில் ஒடுங்கிவிடும்.

எண்கள் விட்டுவிட்டு நிற்பதைக் கண்டு மனமும் அவ்வாறே என முடிவு கட்டுவது பெரும்பிழை, ஏனெனில் அந்த இடைவெளியை இட்டது கருவிக்குள் இருக்கும் கடிகாரமே அன்றி மூளை அன்று. அதற்கு மேலும் ஒன்று உண்டு: அலையிலுள்ள மிக உயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் மாதிரி எடுத்தால், அம்மாதிரிகளிலிருந்தே தொடர்ந்த அலையை மீட்டெடுக்கலாம் என்று கணிதம் காட்டுகிறது, ஆகவே அப்பதிவு கணவாதிக்கும் சான்றாகாது, சித்தாந்திக்கும் சான்றாகாது.

வேகம் போதாதபோது நேர்வது இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ்; அறைச்சுவரிலுள்ள கம்பியிலிருந்து மின்வாயில் கசியும் அந்த அதிர்வை வடிகட்டாமல் செக்கனுக்கு 60 மாதிரி மட்டுமே எடுத்தால், திரையில் எவர் மூளையிலும் எழாத 10 ஹேர்ட்ஸ் அலை ஒன்று தோன்றும். கண் மூடி அமைதியாய் இருப்பவரிடம் காணும் அல்பா அலையின் எல்லை 8 முதல் 13 ஹேர்ட்ஸ் என்பதால், கம்பியின் இரைச்சல் தியானியின் அமைதிபோல வேடமிட்டு வந்துவிடுகிறது. இலக்கமாக்கிக்கு முன்னரே வடிகட்டி வைப்பது இதனாலேயே. வேடம் தரித்தபின் எண்களை மட்டும் பார்த்து மெய்யையும் பொய்யையும் பிரிக்க வழியில்லை.

ஆயினும் பதிவுக்காகப் படுத்திருப்பவரைக் கண் திறக்கச் சொல்ல வழியுண்டு. பெர்கர் காலத்திலேயே அறியப்பட்டபடி, உண்மையான அல்பா அலை கண் திறந்தவுடன் தணிகிறது. கம்பியிலிருந்து வந்ததோ, அவர் திறந்தாலும் மூடினாலும் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.